மாரன் குகையில் நாங்கள் போட்ட கற்கள்

1

பள்ளிக்கூட விடுமுறைக்குப் போன மாதம் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வந்தோம். மலாயாவில் நாங்கள் இருக்கும் ஈப்போவிலிருந்து மோட்டார் பஸ்ஸில் அரை நாள் பயணம். தென்னந்தோப்புக்கு நடுவே, மரத்தூண்களின் மேல் நிற்கிற பழைய பங்களா ஒன்றில் அறை வாடகைக்குத் தருகிறார்கள். என்னைப் போன்ற ரயில் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் போய்வந்த நாளிலிருந்து என் மகன் குமரன் என்னை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை. அந்தப் பங்களாவில் ஒரு காலத்தில் பெயர்போன கொள்ளைக்காரன் ஒருவன் ஒளிந்திருந்தானாம். அவன் படுத்த அறையில் நாமும் படுக்கலாமாம்.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். அவன் படுத்த கட்டில், அவன் முகம் பார்த்த கண்ணாடி, போலீஸ் வந்தால் இறங்கி ஓடுவதற்காகத் தரையில் வெட்டிவைத்த கதவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டில் போன வருஷம் செய்தது போலத்தான் இருந்தது. குமரனுக்குப் பன்னிரண்டு வயது. அந்தத் தரைக்கதவு வழியாக இறங்குவதும் ஏறுவதுமாகவே ஒரு பகலைக் கழித்தான். என் மனைவி கமலம் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மகள் சாரதாவுக்கு ஒன்பது வயது. அவள் முற்றத்தில் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிறையக் கூழாங்கற்களோடு என்னிடம் வந்தாள்.

“அப்பா, இங்க காட்டிக்கொடுத்தவனுக்குக் கல்லு எங்க போடணும்? ஊர்ல போட்டோமே, அந்த மாதிரி?”

குழந்தை என்ன கேட்கிறாள் என்று பெரியவர் விசாரித்தார். கிளிஞ்சல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாள் என்றேன். இத்தனை வருஷத்தில் நான் கற்ற மலாய் மீன் வாங்குவதற்கும் பொய் சொல்வதற்கும் போதும். அவர் சாரதாவைக் கையைப் பிடித்துக் கடலோரம் அழைத்துக்கொண்டு போனார். கமலம் ஜன்னலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

ராசிபுரத்துக்காரர்களுக்கு மாரன் குகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வடக்கே மலையடிவாரத்தில் ஒரு சுனையும், அதற்கு மேலே ஒரு குகையும் உண்டு. கரட்டூர் மாரன் என்ற கொள்ளைக்காரன் அங்கே ஒளிந்திருந்து சுடப்பட்டுச் செத்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் சேலத்திலிருந்துகூடக் கட்டுச்சோற்று மூட்டையோடு வந்து இறங்குகிறார்கள். குகையைப் பார்த்துவிட்டு, சுனையில் குளித்துவிட்டு, போகும்போது ஆளுக்கொரு கல்லை எடுத்துக் குகைவாசலில் இருக்கிற குவியலில் எறிகிறார்கள். மாரனைக் காட்டிக்கொடுத்தவனுக்காக எறிகிற கல் அது.

அந்தக் கற்களெல்லாம் என் தகப்பனார் ஆறுமுகத்தின் மேல் விழுந்தவை. விழுந்திருக்க வேண்டியது என் மேல். வருகிற மாசியில் அவருக்கு முதல் திதி. அதற்குள்ளாவது இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தேன்.

2

அப்போது எனக்குப் பதினாறு வயது. எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அப்பா உட்காருவார், இன்னொன்றில் நான். அந்த வருஷம் அப்பா வேட்டிக் கரையில் ஒரு புது வேலை செய்து பார்த்தார். அரக்குக் கரைக்குள்ளே சோளமுத்துக்களை வரிசையாக வைத்தது போல மஞ்சள் புள்ளிகள். பார்க்க அவ்வளவு அழகு, நெய்கிறவனுக்குப் பிராணன் போகும். நாலு வேட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

ஆத்தூர் ரோட்டில் மாரன் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்த காலம் அது. இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் இல்லாதவர்களுக்குக் குறைவே இல்லை. யாருக்கும் எதுவும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. செத்த பிறகுதான் அவன் இத்தனை நல்லவனானான். ஆனாலும் அவன் மேல் எங்களுக்குக் கோபமும் கிடையாது. கரட்டூர் ஜனங்களுக்கு அவன் வீட்டுப்பிள்ளை.

ஒரு நாள் முற்பகலில் வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமுமாக ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளி வியாபாரம் என்றார். மடியிலிருந்து ஒரு துணிக்கிழிசலை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தார். அரக்குக் கரை, அதில் சோளமுத்து. முள்ளில் மாட்டிக் கிழிந்தது போல ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது.

“இது உங்க கைவேலைன்னு கடைவீதியில சொன்னாங்க.”

“நம்ம தறிதானுங்க” என்றார் அப்பா.

“நூறு வேட்டி வேணும். ஆனா ஒண்ணு. ஊரெல்லாம் இதையே கட்டிக்கிட்டுத் திரிஞ்சா எனக்கு யாவாரம் ஆகாது. இதுவரைக்கும் எத்தனை வெளிய போயிருக்குது?”

“நாலுதானுங்க நெய்ஞ்சது. ஒண்ணு எங்க மாப்பிள்ளைக்கு. ஒண்ணு கோயிலுக்கு. ஒண்ணு நான் வெச்சிருக்கறனுங்க.”

“நாலாவது?”

அப்பா குனிந்து, இழை ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார். “ஞாவகம் இல்லீங்களே. சந்தையில ஆரோ வாங்கிட்டுப் போனாங்க.”

நான் அடுத்த குழியிலிருந்து தலையை நீட்டினேன். “கரட்டூர்க் காளியம்மா வாங்கிட்டுப் போச்சுங்கப்பா! எங்கண்ணனுக்குன்னு சொல்லுச்சே, மறந்துட்டீங்களா?”

சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல? அப்பா மறந்துபோனதை நான் நினைவில் வைத்திருக்கிறேன். நூறு வேட்டிக்கு ஆள் வந்திருக்கிறது. எங்கள் தறியைத் தேடிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது. காளியம்மாள் எங்கள் தெருவுக்கு விறகு கொண்டு வருகிறவள். அவளுடைய அண்ணன் யார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

வந்தவர் எழுந்து போன பிறகு அப்பா நாடாவைக் கீழே வைத்தார்.

“அந்தாளு துணியத் தொட்டுப் பாத்தானா சாமி?” என்று கேட்டார். “வாங்க வந்தவன் ரெண்டு வெரல்ல கசக்கிப் பாப்பான். வெளிச்சத்துல புடிச்சு இழையப் பாப்பான். இவன் நம்ம மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துட்டு எந்திரிச்சுப் போறான்.”

நான் கவனிக்கவில்லை. தறிக்காரன் மகன் கவனித்திருக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

நாலாம் நாள், அண்ணன் மாரனுக்குக் கூழ்ப்பானையோடு மலையேறிய காளியம்மாளின் பின்னாலேயே போலீஸ்காரர்கள் போனார்கள். வியாபாரி என்று வந்தவர் போலீஸ் ஆள், அவர் காட்டிய கிழிசல் மாரனின் வேட்டி. மாரன் குகைவாசலிலேயே விழுந்தான். அடுத்த நாள் அவள் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

“வேட்டி வாங்குனது நான்னு சொன்னது ஆரு?” என்று மட்டும் கேட்டாள்.

நான் தறிக்குழியில் இருந்தேன். எழுந்திருக்கக் காலை ஊன்றினேன் என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஊன்றினேனோ இல்லையோ, அதற்குள் அப்பா வாசலுக்குப் போய்விட்டார்.

“நாந்தான் தாயி. வாய் தவறிப்போச்சு.”

அவள் நேரே குகைக்குப் போய் முதல் கல்லைப் போட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் அப்பா சந்தைக்குப் போனால் எதிரில் வருகிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். தங்கைக்கு வந்த சம்பந்தம் ஒன்று திரும்பிப் போயிற்று. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு அப்பா என்னை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார். எங்கேயாவது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். உங்களில் சிலர் நினைப்பது போல நான் பிழைப்பைத் தேடிக்கொண்டு இந்தச் சீமைக்கு வந்தவன் அல்ல.

3

கடைசியாக ஊருக்கு வந்துபோய் ஆறு வருஷத்துக்குப் பிறகு லீவு கிடைத்து, போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் ஊருக்கு வந்தோம். நாகப்பட்டினம் துறைமுகத்தில் கண்ணை இழுத்துப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், அம்மை குத்தின சீட்டு இருக்கிறதா என்று இரண்டு மேஜைகளில் கேட்டார்கள். மூன்றாவது மேஜையில் இருந்தவர் குமரனிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். அவன் “ஈப்போ” என்றான். நான் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். “ராசிபுரம்” என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். எழுதுகிறவர் சிரித்துவிட்டு ஈப்போ என்றே எழுதிக்கொண்டார்.

சூரமங்கலம் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து வீடு சேர்ந்தோம். அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. தறிகளில் தம்பி குடும்பம் உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தாலும் கை மங்கவில்லை. பேரன் பேத்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, இவர்கள் உடுத்தியிருந்த சீமைத்துணி எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று சொன்னார். அதுதான் அவர் கொஞ்சுகிற விதம்.

ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் மாரன் குகையைப் பற்றித் தெருவில் கேள்விப்பட்டுவிட்டார்கள். ஆடிப்பெருக்கன்று போயே ஆகவேண்டும் என்று குமரன் ஒற்றைக்காலில் நின்றான். நான் வெயில் என்றேன், முள் என்றேன், பாம்பு என்றேன். பாம்பு என்றதும் அவனுக்கு ஆசை இரட்டிப்பாயிற்று. “கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா சாமி, கொழந்தைங்க கேக்குதுங்க” என்று அப்பாவே சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுனையைச் சுற்றி அன்றைக்கு நல்ல கூட்டம். புளிச்சோறும் எள்ளுத் துவையலும் மணத்தன. கடலைக்காய் விற்கிற சின்னு என்கிறவன் வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்தான். குகைக்குள் கூட்டிப்போய் மாரன் படுத்த பாறை, மாரன் சோறாக்கிய கல், மாரன் கையை ஊன்றிய இடம் என்று காட்டினான். கடைசியில் வாசலுக்கு வந்தோம். குவியல் என் உயரத்துக்கு மேலே இருந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

“காட்டிக்குடுத்தது ஆருங்க?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“ராசிவரத்து நெசவாளி ஒருத்தனுங்க” என்றான் சின்னு. “பேரு தெரியாதுங்க. சர்க்கார்ல குடுத்த பவுனை வாங்கி மடியில கட்டிக்கிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறி ஓடிப்போயிட்டான்.”

“பினாங்கா!” குமரன் குதித்தான். “அது எங்க ஊருக்குப் பக்கம்! அப்பா, திரும்பிப் போனதும் தேடிப் பார்க்கலாமா?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது எழுதும்போதுகூட அந்தச் சிரிப்பை நினைத்தால் வாய் கசக்கிறது. அப்பாவையும் என்னையும் ஒரே ஆளாக்கி, இல்லாத பவுனை மடியில் கட்டிவிட்டிருந்தார்கள். பவுன் பொய். கப்பல் மெய்.

பிள்ளைகள் கல் பொறுக்கி வந்தார்கள். குமரன் ஒன்று போட்டான். சாரதா ஒன்று போட்டாள், அது குவியலை எட்டவில்லை என்று ஓடிப்போய் எடுத்து மறுபடியும் போட்டாள். கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி தள்ளிப் போய்விட்டாள். நான் அசையாமல் நின்றேன்.

“எறிஞ்சுட்டுப் போங்க சாமி” என்றான் சின்னு. “எறியாதவன் காட்டிக்குடுத்தவனுக்குப் பங்காளின்னு சொல்லுவாங்க இங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். “அவர் பேர் ஆறுமுகம், சல்லிக்காசு வாங்கவில்லை, சொன்னது நான்” என்று ஒரே வரி. குமரன் என் கையில் ஒரு கல்லைத் திணித்தான். நான் எறிந்தேன். வலுவாகவே எறிந்தேன், யாரும் சந்தேகப்படக் கூடாது என்று.

4

வீட்டுக்குள் நுழைந்ததும் சாரதா அப்பாவின் மடியில் போய் விழுந்தாள். நான் தடுப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“தாத்தா, நாங்க எல்லாரும் கல்லு போட்டோம். நான் ரெண்டு தடவ போட்டேன். அப்பாவும் போட்டாங்க!”

அப்பா அவளுடைய உள்ளங்கையைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்தார்.

“கையி வலிச்சுதா சாமி?” என்று கேட்டார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன். அப்பா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை தெருவில் தறிக்கான நூல் பாவு நீட்டியிருந்தது. அப்பா அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டு வந்தார். கண்ணால் தேடவில்லை, விரலால் தேடினார். நான் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். இருபது வருஷத்துக்கு மேலாக நாங்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

“அப்பா, நான் போயிச் சொல்லிப்போடறனுங்க. நாந்தான்னு.”

“ஆருகிட்டச் சொல்லுவ? காளியம்மா செத்துப் பன்னெண்டு வருசமாச்சு.”

“ஊர்ல சொல்றனுங்க. உங்க மேல இனி ஒரு கல்லு உழக்கூடாது.”

அப்பா ஒரு முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார். “எனக்கு அது பழகிப்போச்சு சாமி. உம் பேருல உழுந்தா எனக்குப் பழகாது. நீ பேசாம ஊடு போயிச் சேரு. கொழந்தைங்களுக்கும் சொல்ல வேண்டாம்.”

ஊடு என்று அவர் சொன்னது ஈப்போவை. அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உள்ளதைச் சொன்னால், அவர் வேண்டாம் என்றதும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. பதினாறு வயதில் இறங்கிய அதே பாரம்.

நாங்கள் கப்பலேறிய ஐந்தாம் மாதம் தம்பியின் தந்தி வந்தது.

5

கடற்கரையிலிருந்து திரும்பிய மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் ஆனதும் பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். குமரனுக்கு இப்போதெல்லாம் தமிழில் நீளமாகச் சொன்னால் பாதியில் கவனம் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. முடிந்ததும் எழுந்து வாசலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கொள்ளைக்காரர் கதைகளை அவன் இனி எப்படிக் கேட்பான் என்று தெரியவில்லை.

சாரதா என்னிடம் திரும்பினாள். “நாம திரும்பிப் போய் நம்ம கல்லை மட்டும் எடுத்துடலாமா அப்பா?”

“எது நம்ம கல்லுன்னு எப்படித் தெரியும்?” என்று வாசலில் இருந்தபடியே கேட்டான் குமரன்.



திங்கட்கிழமை லீவுக்கு எழுதிக்கொடுத்தேன். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் தகப்பனார் திதி என்று எழுதினேன். எங்கள் தலைமைக் குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்தான். “செத்து ஒரு வருஷமான ஆளுக்கு இப்ப என்ன அவசரம்?” என்று கேட்டார். அப்பா இருக்கும்போது செய்யாத காரியம் ஒன்று இருக்கிறது என்றேன். அதைப் படிவத்தில் எழுத இடமில்லை என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் கழித்து அரைச் சம்பள லீவுக்குக் கையெழுத்து வாங்கித் தந்தார்.

ஆகவே ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். குகைக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். சுனைத் தண்ணீர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. காளியம்மாளின் வேட்டியைப் பற்றிச் சொன்னவன் நெசவாளி ஆறுமுகத்தின் மூத்த மகன் வேலுச்சாமி. அப்போது அவனுக்குப் பதினாறு வயது. பவுன் ஏதும் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஆறுமுகம் தெரிந்தே மறைக்கப் பார்த்தார். மகன் முந்திக்கொண்டான். அதற்கப்புறம் தகப்பன் முந்திக்கொண்டார்.

எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். தனக்குப் பழகாது என்று அப்பா சொன்னார். அவரை மீறித்தான் வருகிறேன், என்னை அவர் மன்னிக்க வேண்டும். மாசியில் திதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சுனையில் கூட்டம் சேருகிற நேரத்துக்கு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு குகைவாசலுக்கு வருவேன். இங்கே எழுதியதை அங்கே வாயால் சொல்லுவேன். கல் எடுக்கிறவர்கள் எடுக்கலாம். நான் குவியலுக்கு முன்னால் நிற்பேன்.